மரத்தடிக் கல்லுக்குக் கொஞ்சம் வெயில்

மேகம் கொஞ்சம் விலகினால் போதும், வேறெதுவும் வேண்டாம், அந்த ஓக் மரத்துக்கு நேர் மேலே வந்து குத்தவைத்திருக்கிற ஒற்றை மேகம் நாலு முழம் தள்ளி உட்கார்ந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டே, மடியிலிருந்து வழுக்கி இறங்கப் பார்க்கிற பொன்னரசியை இடுப்பில் கைகொடுத்துத் தூக்கி மறுபடி உட்கார வைக்கிறேன். மடக்கு நாற்காலி ஈரப் புல்லில் ஒரு பக்கமாக இறங்கி ஆடுகிறது. முன்னால் நாலு வரிசைத் தலைகள், எல்லாம் தொப்பித் தலைகள், பூ வைத்தது, வலை வைத்தது, நேர் முன்னால் இருக்கிற அம்மாளின் தொப்பியில் ஒரு சேவலையே உரித்து வைத்த மாதிரி இறகு, அதைப் பிடுங்கத்தான் இவள் இந்தப் பாடு படுத்துகிறாள். தொப்பிகளுக்கு அப்பால் கல்லறைகள். நூல் பிடித்து நாற்று நட்டது போல வெள்ளை வெள்ளையாக, மேடு ஏறி அந்தப் பக்கம் இறங்கிப் போகின்றன. முதல் தடவை பார்த்தபோது எனக்குப் பயம் வரவில்லை, யார் இவ்வளவு ஒழுங்காக நட்டார்கள் என்றுதான் தோன்றியது. பயமெல்லாம் என் மாமியாருக்கு. ஒன்றரை வயதுகூட ஆகாத பிள்ளையை எந்தச் சிறுக்கியாவது கல்லறைக்குத் தூக்கிக்கொண்டு போவாளா, போவதுதான் போகிறீர்கள், வந்ததும் ரெண்டு பேரும் தலைக்கு ஊற்றாமல் அடுப்படிக்குள் காலை வைக்காதீர்கள் என்று நேற்று போனில் சொன்னார். சரி அத்தை என்றேன். சரி என்று சொல்லிவிட்டால் அவருக்கு நிம்மதி, எனக்கும் நஷ்டமில்லை, எப்படியும் குளிக்கத்தானே போகிறோம். மே மாதக் கடைசித் திங்கட்கிழமை, இந்த நாட்டில் செத்த சிப்பாய்களை நினைக்கிற நாள். இந்த மூலையில் கிடப்பவர்கள் கறுப்பினச் சிப்பாய்கள். நூற்றறுபது வருஷத்துக்கு முன்னால் இந்த நாடு ரெண்டாகப் பிளந்து தனக்குள்ளேயே அடித்துக்கொண்டபோது, பருத்திக் காட்டில் அடிமையாகக் கிடந்தவர்கள் ராத்திரியோடு ராத்திரியாக ஓடிவந்து, நீலச் சட்டையும் துப்பாக்கியும் வாங்கி மாட்டிக்கொண்டு, எங்கள் விலங்கை நாங்களே அறுக்கிறோம் என்று நின்றவர்கள். இதெல்லாம் ஒடெட்டா அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் படித்த பஞ்சாயத்து யூனியன் பள்ளிக்கூடத்தில் அமெரிக்கா என்றால் வரைபடத்தில் இடது பக்கம் பச்சை நிறம், அவ்வளவுதான்.

அக்கா முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள், முதுகு தெரிகிறது, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற முதுகு, நிமிர்ந்தேதான் இருக்கும். இந்த டென்னஸிக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரியை என்ன சொல்லிக் கூப்பிடுவதென்று தெரியாமல் அக்கா என்றேன், அது என்ன என்று கேட்டாள், கூடப் பிறந்த மூத்தவள் என்றேன், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அப்படியென்றால் இன்று ராத்திரி உன் வீட்டில் எனக்குச் சோறு உண்டு என்றாள். அன்றைக்குப் பிடித்தது, வீடியோவில் என் அம்மாவிடம்கூட நான்தான் அக்கா என்றே சொல்லிக்கொள்வாள். என் பேர் இசக்கியம்மாள் அவள் வாயில் நுழையாமல் இஸ்ஸி ஆகிவிட்டது. அவளுடைய தாத்தாவுக்குத் தாத்தா ஐசம் பீல்ஸ் இங்கேதான், அந்த ஓக் மரத்தை ஒட்டின வரிசையில் முதல் கல். இந்தக் கற்களை எங்கள் கையால் கழுவ விடுங்கள் என்று நாலு வருஷம் கடிதம் எழுதி இந்த வருஷம்தான் அனுமதி வாங்கினாள், எங்கள் ஆட்கள் கைவைக்கிற கல்லுக்கு நான் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்து. ஒன்பது நாளைக்கு முன்னால், சனிக்கிழமை, பதினைந்து பேர் வாளியும் பிரஷ்ஷுமாக வந்தோம். வெறும் தண்ணீர், மெத்தென்ற பிரஷ், வேறு எதுவும் கல்லில் படக்கூடாது, சோப்புகூடக் கூடாது, பளிங்கு எல்லாவற்றையும் குடித்துவிடும் என்று மேற்பார்வை அதிகாரி ஹால்கம் எல்லாரையும் நிறுத்திச் சொன்னாராம். அந்த நேரம் பார்த்து நான் காருக்குள் இவளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். யாரைக் குற்றம் சொல்ல, பிள்ளைக்குப் பசி வந்தால் அதிகாரி வந்தால் என்ன. பால் கொடுத்துவிட்டு வந்ததும் அக்கா என் கையில் வாளியைக் கொடுத்து, ஐசத்தின் வரிசையில் ஆறாவது கல்லைக் காட்டினாள். அது மற்றவை மாதிரி நெடுங்கல் இல்லை. ஒரு சாண் உயரம், சதுரம், மேலே ஒரு எண். 1406. பேர் தெரியாமல் புதைத்தவர்களுக்கு எண் மட்டும்தானாம். நான் தேய்த்தேன், பாசி போயிற்று, கல் வெளுத்தது, ஐசத்தின் கல்லைச் சுற்றி ஆறு பேர் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க இது பேரும் இல்லாமல் ஆளும் இல்லாமல் குளித்துவிட்டுத் துண்டு கிடைக்காத பிள்ளை மாதிரி நின்றது. என் கை என்னைக் கேட்கவில்லை. இவளுடைய டயப்பர்ப் பையில் ஒரு பொட்டலம் எப்போதும் இருக்கும், கண்ணேறு படாமலிருக்க அத்தை கோயிலில் வைத்து அனுப்பிய மஞ்சள். எங்கள் பக்கத்தில் பேரில்லாத கல்லைக் கழுவினால் அப்படியே விட்டுவிட்டு வரமாட்டோம், மஞ்சள் பூசினால்தான் அதற்கு ஆள் இருக்கிறது என்று அர்த்தம். தண்ணீரில் குழைத்து நாலு விரலால் இழுத்துவிட்டேன். கையெடுத்துக் கும்பிட்டேன். அம்சமாக இருந்தது. திரும்பிப் போகிற காரில்தான், சோப்புகூடக் கூடாது என்று பின் ஸீட்டில் யாரோ பேசிக்கொண்டார்கள். குனிந்து என் விரலைப் பார்த்தேன், நகக்கண்ணில் இன்னும் மஞ்சள்.

வாய் திறந்து சொல்லியிருக்கலாம். அக்கா பாட்டுப் பாடிக்கொண்டு ஓட்டினாள், அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை, அந்த சந்தோஷத்துக்கு நடுவில் எப்படிச் சொல்ல. அப்புறம் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒன்பது நாள் போய்விட்டது. இந்த ஒன்பது நாளும் நான் செய்தது ஒன்றுதான், வெயில் எண்ணியது. மஞ்சள் கறை எனக்குத் தெரியாததா, வீட்டுக்காரர் பனியனில், இவளுடைய கவுனில், மேசை விரிப்பில் எத்தனை பார்த்திருக்கிறேன், தண்ணீருக்கு அசையாது, தேய்த்தால் பரவும், வெயிலில் போட்டால் ரெண்டு மத்தியானத்தில் போன இடம் தெரியாது. ஆனால் பனியனை எடுத்துக் கொடியில் போடலாம், கல்லை எங்கே போட. அது மரத்தடிக் கல், காலையில் பத்துமணி வாக்கில் கிளைக்கு அடியில் ஒரு மணி நேரம் வெயில் நுழையும், அவ்வளவுதான் அதன் பங்கு. ஞாயிறு நல்ல வெயில், திங்கள் நல்ல வெயில், செவ்வாய் மூடாப்பு, புதனும் வியாழனும் மழை, வெள்ளி வெயில், சனி வெயில், நேற்று பாதி. ஆக நாலரை மணி நேரம். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, போய்ப் பார்க்க வேண்டுமென்றால் அக்காவைத்தான் கேட்க வேண்டும், எதற்கு என்பாள். போனில் நான் வானிலையைத் திறந்து திறந்து பார்ப்பதைக் கண்டு, துணி காயப்போட இவ்வளவு யோசனையா என்று வீட்டுக்காரர் சிரித்தார். இப்போது சர்ச் பெரியவர் டீக்கன் வெர்னன் எழுந்து கண்ணாடியை மாட்டுகிறார். பேர் கூப்பிடப் போகிறார். ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார், அந்தச் சிப்பாயின் வழியில் வந்தவர் யாராவது இருந்தால் எழுந்து ‘இருக்கிறேன்’ என்று அவருக்குப் பதிலாகச் சொல்ல வேண்டும், மணி அடிக்கும், ஒரு கொடியை எடுத்துப் போய்க் கல்லருகில் ஊன்ற வேண்டும். ஆள் இல்லாவிட்டால் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார்கள், அப்புறம் மணி மட்டும் அடிக்கும். ஐசம் பீல்ஸ் என்கிறார். அக்கா எழுந்திருக்கிற விதத்தில் நாற்காலி பின்னால் சாய்கிறது. இருக்கிறேன் என்கிறாள், பஸ்ஸில் பின் ஸீட்டுப் பையன்களை அதட்டுகிற குரலில். எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வருகிறது. பொன்னு அந்தக் குரலைக் கேட்டதும் இறகை மறந்துவிட்டு பஸ் என்கிறாள். அவளுக்கு அக்காவும் பஸ், எலுமிச்சம்பழமும் பஸ், மஞ்சளாக எது இருந்தாலும் பஸ்.

பஸ்தான். பஸ் இல்லாவிட்டால் இவள் ஏது. போன வருஷம் ஜனவரி, வீட்டுக்காரரைக் கம்பெனி மெக்ஸிகோவுக்கு அனுப்பியிருந்தது, எனக்கு எட்டு மாதம் முடிந்து ஒன்பது பிறக்கிற சமயம், ஊர் முழுக்கப் பனி உறைந்து ரோடு கண்ணாடியாகக் கிடந்தது, காலை ஆறரைக்கு நீர் உடைந்தது. ஆம்புலன்ஸுக்கு ரெண்டு மணி நேரமாகும் என்றார்கள். பாதி இங்கிலீஷ் மறந்துபோயிற்று எனக்கு, செருப்பில்லாமல் ஓடி அக்கா வீட்டுக் கதவை இடித்து, வாசலில் நின்ற அந்த மஞ்சள் வண்டியைக் காட்டி பஸ், பஸ், ப்ளீஸ் என்றேன். நான்தான் கேட்டேன். அக்கா சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டினாள், வாயில் ஒரு பல் குச்சி, முகத்தில் எரிச்சல் இல்லை, பதற்றம் இல்லை. ஐம்பது பிள்ளைகள் உட்காருகிற வண்டியில் நான் ஒருத்தி மட்டும் முன் ஸீட்டைக் கட்டிக்கொண்டு கிடந்தேன், ஒவ்வொரு வலிக்கும் அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்து, வண்டிக்குள் எழுந்து நிற்கக்கூடாது, விதி இருக்கிறது என்றாள், அந்த வலியிலும் நான் சிரித்தேன். பிள்ளை ஆஸ்பத்திரி வாசலில், தள்ளுகட்டிலில் பிறந்தது, தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது, இன்னும் கால் மணி போயிருந்தால் என்று டாக்டர் சொல்லிவிட்டு முடிக்கவில்லை. பள்ளிக்கூட வண்டியைக் கேட்காமல் எடுத்ததற்கு அக்காவை ரெண்டு வாரம் வண்டியைத் தொடக்கூடாது என்று உட்கார வைத்துவிட்டார்கள். எனக்கு அது தெரியாது. ஜுரம் என்றாள். நாலு மாதம் கழித்து அவள் வீட்டுக்காரர் வாய்தவறிச் சொன்னார், விசாரணையில் அவள் கைப்பட எழுதிக் கொடுத்தாளாம், அந்தப் பெண் கேட்கவில்லை, நானாகத்தான் எடுத்தேன் என்று. நான் கேட்டேனே. கதவை இடித்துக் கேட்டேனே. எனக்காக ஒரு பொய்யை எழுதி அதன் கீழே தன் பேரைப் போட்டவள், இப்போது என் மஞ்சளுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள், அவளுக்கே தெரியாமல். ஹால்கம் அந்தக் கல்லைப் பார்த்துவிட்டால் அடுத்த வருஷம் யாரும் வாளியைத் தூக்க முடியாது, நாலு வருஷக் கடிதம் அத்தனையும் நாலு விரல் மஞ்சளில் போய்விடும்.

பேர்கள் முடிந்துவிட்டன. டீக்கன் தாளைப் புரட்டுகிறார். இனி எண்கள். ஐசத்தின் கல் ஆயிரத்து நானூற்று ஒன்று, அதற்கு அடுத்தது பதினாலு சைபர் ரெண்டு என்கிறார். சும்மா நிற்கிறார்கள். மணி. ஹால்கம் சாம்பல் நிறக் கோட்டும் அகலத் தொப்பியுமாக அந்த மரத்தடி வரிசைக்குப் பக்கத்திலேயே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார், எங்கள் தலைமையாசிரியர் பரீட்சை ஹாலில் நிற்பது போல. ஏன் அங்கே போய் நிற்கிறார். இவ்வளவு பெரிய இடத்தில் நிற்க அவருக்கு வேறு மரம் இல்லையா. பதினாலு சைபர் மூன்று. மேகம் அசைகிறதா, அசைகிற மாதிரித்தான் இருக்கிறது. ஆளில்லாத கல்லுக்கெல்லாம் கடைசியில் பொதுவாக யாராவது போய்க் கொடி ஊன்றுவார்கள், அந்த யாராவது குனிவார், பார்ப்பார். பேசாமல் நானே அந்த வேலையைக் கேட்டு வாங்கி, கொடியை மஞ்சளுக்கு முன்னால் மறைத்து ஊன்றிவிட்டால் என்ன. சீ, ஒளிப்பதற்கா கொடி. பதினாலு சைபர் நாலு. சும்மா நிற்கிற அந்த நேரம்தான் தாங்கவில்லை. டீக்கன் தாளைவிட்டுக் கண்ணை எடுத்துக் கூட்டத்தைப் பார்க்கிறார், யாராவது இருக்கிறீர்களா என்று நிஜமாகவே தேடுகிறார், இல்லை என்று தெரிந்தும் தேடுகிறார். எங்கள் பள்ளிக்கூடத்திலும் எண்தான் கூப்பிடுவார்கள், நான் முப்பத்தொன்று. பருத்தி வெடிக்கிற மாதத்தில் அம்மா என்னை எடுப்புக்குக் கூட்டிப்போவாள், விரல் நுனியெல்லாம் காய்முள் கிழித்து, மூன்று நாள் பேனா பிடிக்க வராது. அந்த நாளெல்லாம் முப்பத்தொன்று என்று சார் கூப்பிட்டால், முப்பத்திரண்டாம் நம்பர் மாடத்தி தன் குரலை மாற்றி எனக்கும் சேர்த்து உள்ளேன் ஐயா சொல்வாள். ஒரு நாள் பிடிபட்டு வெயிலில் முட்டி போட்டாள். மறுநாள் நான் போய் ஏன்ட்டி சொன்ன என்றால், நீ இல்லைன்னு எப்படிளா சொல்ல, நீதான் காட்டுல இருக்கியே என்றாள். இவரும் பருத்தி எடுத்திருப்பார், இந்த ஆறாம் கல்காரர். விரல் நுனி கிழிந்திருக்கும். ஐசத்துக்குப் பக்கத்தில் கிடக்கிறார் என்றால் பக்கத்தில் நின்றுதான் சண்டை போட்டிருப்பார், நல்ல தண்ணீர் கொஞ்சம் குடித்துவிட்டு மிச்சத்தை ஐசத்திடம் நீட்டியிருப்பார், அந்தத் தண்ணீரில் ஐசம் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பார், ஊருக்குப் போய் ஒரு பிள்ளையைத் தூக்கியிருப்பார், அந்தப் பிள்ளைக்குப் பிள்ளை, அதற்குப் பிள்ளை, அக்கா, பஸ், சங்கிலி, பனி, என் மடியில் இருக்கிற இந்தப் பத்துக் கிலோ. யாருக்கென்று நான் நன்றி சொல்ல, ஒரு கல்லோடு தீருகிற வரிசையா இது. பதினாலு சைபர் ஐந்து. மணி. எனக்காக ஒருத்தி முட்டி போட்டாள், ஒருத்தி வண்டியை விட்டு இறங்கி நின்றாள், நான் மட்டும் வெயில் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பதினாலு சைபர் ஆறு என்கிறார் டீக்கன். மணிக் கயிற்றை ஒரு கை தொடுகிறது. நான் எழுந்து நிற்கிறேன். பொன்னுவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஆடுகிற நாற்காலியை முழங்காலால் தள்ளிவிட்டு. அவர்கள் சொல்கிற அந்த ஒற்றை இங்கிலீஷ் வார்த்தை எனக்கு நன்றாகத் தெரியும், நாக்கு வரை வருகிறது, வெளியே வந்தது வேறு.

"உள்ளேன் ஐயா."

இறகுத் தொப்பி திரும்புகிறது, எல்லாத் தொப்பியும் திரும்புகிறது. டீக்கன் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்க்கிறார், தாளைப் பார்க்கிறார், மறுபடி என்னைப் பார்க்கிறார், என்ன சொன்னேன் என்று அவருக்குத் தெரியாது, என்ன செய்தேன் என்று தெரிந்துவிட்டது. தலையை ஒருமுறை குனிந்து நிமிர்கிறார். மணி அடிக்கிறது. கொடியை எடுக்கிறேன், உடனே பொன்னு அதைப் பிடுங்கி வாயில் வைக்கிறாள், சரி வைத்துக்கொள் என்று நடக்கிறேன். புல் செருப்பை இழுக்கிறது. ஒன்று, ரெண்டு, மூன்று, கல்லைத்தான் எண்ணுகிறேன். பின்னால் காலடி கேட்கிறது, திரும்பாமலே தெரியும் அது அக்கா என்று. ஹால்கமும் மரத்தடியிலிருந்து வந்து கல்லுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். நாலு விரலில் ரெண்டு விரல் போயிருக்கிறது. மற்ற ரெண்டும், மரத்துப் பக்கம் இருப்பவை, மோர்க்குழம்பு சிந்திய இடம் மாதிரி இன்னும் வெளிறிக் கிடக்கின்றன. தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம், பார்க்கிறவர் பார்த்தால்தான் தெரியும் என்று சமாதானம் பண்ணிக்கொள்ளலாம். பொன்னு வாயிலிருந்து கொடியை எடுத்துவிட்டுக் கல்லை நோக்கி விரலை நீட்டுகிறாள்.

"பஸ்."

ஒன்பது நாளாக இங்கிலீஷில் மனப்பாடம் பண்ணி வைத்திருந்ததை ஹால்கமிடம் சொல்கிறேன். இதை நான்தான் செய்தேன், ஒடெட்டாவுக்குத் தெரியாது, விதி எனக்கும் தெரியாது, தப்பு என்னுடையது. ஒரு வார்த்தை பிசகாமல் வந்துவிட்டது. அக்கா என் தோளைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்துகிறாள். அவள் இங்கிலீஷில் சொல்வதெல்லாம் என் காதுக்குள் வரும்போதே தமிழாகிவிடும்.

"வாயை மூடு இஸ்ஸி. செவ்வாய்க்கிழமையே புல் வெட்டுறவர் பாத்துட்டார். நான்தான் பண்ணினேன்னு எழுதிக் கொடுத்தாச்சு. எனக்கு எழுதிக் கொடுத்துப் பழக்கம்."

அவள் முகத்தைப் பார்க்கிறேன். சிரிக்காமல் சிரிக்கிற முகம், கண்ணாடியில் என்னைப் பார்த்து விதி இருக்கிறது என்று சொன்ன அதே முகம். செவ்வாயிலிருந்து தெரியும், தெரிந்துகொண்டே என் வீட்டுக்கு வந்து ரெண்டு தோசை தின்றுவிட்டுப் போயிருக்கிறாள். இந்தத் தடவை விடக்கூடாது என்று நான் தலையை ஆட்டுகிறேன், அவள் எழுதியது பொய், நான்தான் என்று மறுபடி சொல்கிறேன், அவள் இல்லை நான் என்கிறாள், கல்லுக்கு இந்தப் பக்கம் நாங்கள் ரெண்டு பேரும் பஸ் டிக்கெட்டுக்கு யார் காசு கொடுப்பது என்பது போல. ஹால்கம் தொப்பியைக் கொஞ்சம் தூக்கி நெற்றியைத் துடைக்கிறார்.

"நான் இங்க இருபத்திரண்டு வருஷமா இருக்கேன்" என்கிறார். "இந்தக் கல் என்னோடதுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் வந்ததில்லை. இன்னைக்கு ரெண்டு பேர் சண்டை போடுறீங்க." பிறகு குனிந்து கட்டைவிரலால் அந்த மஞ்சளைத் தொட்டுப் பார்க்கிறார், விரலில் ஒட்டவில்லை. இது என்ன என்று கேட்கிறார். மஞ்சள், குழம்பில் போடுவது என்கிறேன். ஆளில்லாத கல்லுக்கு ஆள் என்று சொல்வது என்பதை இங்கிலீஷில் எங்கே தேட. போகுமா என்று கேட்கிறார். கேட்கிற குரலில் கோபம் இருக்கிறதா என்று உற்றுக் கேட்கிறேன், சமையல் சந்தேகம் கேட்கிற குரலாகத்தான் இருக்கிறது.

"வெயில் எடுத்துரும்" என்கிறேன். "தேய்க்க வேண்டாம். கொஞ்சம் வெயில் மட்டும் பட்டால் போதும்."

டீக்கன் அடுத்த எண்ணைக் கூப்பிடுகிறார். நான் குனிந்து, எச்சில் நனைந்த கொடியைப் பொன்னு கையோடு சேர்த்துப் பிடித்து ஊன்றுகிறேன், மண் நெகிழ்ந்து கொடுக்கிறது. நிமிரும்போது புறங்கையில் சூடு. மேகம் எப்போது போனது, தெரியவில்லை, மணி பத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும், கிளைக்கு அடியில் வெயில் சாய்வாக நுழைந்து புல்லில் ஓடி வருகிறது, அக்காவின் ஷூவைத் தொட்டு, கொடியைத் தொட்டு, கல்லுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நிற்கிறது. அதற்கு மேல் வரவில்லை. ஹால்கமின் நிழல் தொப்பியோடு சேர்ந்து கல்லின் மேல் கிடக்கிறது. அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு எட்டு பின்னால் வைத்து, நகர்ந்து நிற்கிறார்.